நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தந்தச் சிப்பிகளுக்கு நோட்டீஸ் கொடுத்தவன் பேசுகிறேன்

அலை ஓய்ந்த கடலென அமைதி காக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்று, அரை மணி நேரமாக விழி மூடிச் சிந்தித்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முதல் வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! பெற்ற கடனுக்காகப் பிள்ளைகளின் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் பேரன்புத் தாய்மார்களே! படகை நிறுத்திவிட்டு ஈரக்காலோடு வந்திருக்கும் மீனவத் தோழர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, இனி எழுந்திருப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்ட கடைசி வரிசைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் உப்புக் கலந்த, உண்மை கலந்த வணக்கம்!

என்னை யாரென்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். நான் அறிஞன் அல்லன், ஆய்வாளன் அல்லன், அலைகடல் கடந்த அனுபவசாலியும் அல்லன். துறைமுக அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுப்பவன். "இந்த இடத்தைக் காலி செய்க", "இந்தச் சுவரை இடித்துக்கொள்க" என்று எழுதிய தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய் நீட்டி, கையெழுத்து வாங்கி, வசவும் வாங்கி வருபவன். இருபது வருட வேலையில் என்னைப் பார்த்து "வாங்க" என்று சொன்னவர்கள் மூன்று பேர். அதில் இருவர் என்னை வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டவர்கள்.

அப்படிப்பட்ட எனக்கு இந்த மேடையில் என்ன வேலை? இன்று வெளியிடப்படும் நூல், "கரையோரக் கடலில் தந்தச் சிப்பிகளின் வகையும் பரவலும்". அதை எழுதியவள் என் உடன்பிறந்த தங்கை. அவளை ஆறு ஆண்டு உழைப்போடு அழித்துவிடப் பார்த்தவன் அடியேன். அந்தத் தகுதியில்தான் அழைக்கப்பட்டிருக்கிறேன்.

தந்தச் சிப்பி என்றால் என்ன? யானைத் தந்தத்தை எடுத்து, சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கி, உள்ளே குடைந்து, இரு முனையும் திறந்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் ஓடு. அதற்குள் ஒரு மெல்லுடலி. அதற்குத் தலையென்று தனியே ஒன்று இல்லை. ஆகவே தலைக்கனம் இல்லை! கண் இல்லை; ஆகவே கண்டவர் மேல் பொறாமை இல்லை! செவுள் இல்லை, ஆனாலும் மூச்சு முட்டவில்லை! ஒரே ஒரு கால். அந்தக் காலால் மண்ணைக் குடைந்து, அகன்ற முனையை அடியில் புதைத்து, ஒடுங்கிய முனையை மட்டும் மேலே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு வாழ்கிறது. வாய் இருக்கும் பக்கம் மண்ணுக்குள். மற்றது இருக்கும் பக்கம் மண்ணுக்கு வெளியே. யாரங்கே சிரிப்பது? ஐயா, அது பிறவி அமைப்பு. நம்மில் சிலர் அப்படி வாழ்வதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறோம்.

இந்தச் சிப்பியைத்தான் என் தங்கை ஆறு ஆண்டுகளாக எண்ணினாள். வாரம் இருமுறை படகில் போவாள். கடலில் இடங்கள் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நிலையம் என்று எண் கொடுத்து, அங்கங்கே இரும்புக் கவ்வியால் அடிக்கடல் சேற்றை அள்ளுவாள். வாளிகளில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவருவாள். குளியலறையில் வாளி! கூடத்தில் வாளி! ஒருநாள் என் அலுவலகச் சட்டையை நனைத்து வைத்த வாளி எது, ஒன்பதாம் நிலையத்துச் சேறு எது என்று தெரியாமல், சேற்றை நான் பிழிந்து காயப்போட்டேன். அம்மாவின் மாவுச் சல்லடையும் ஆய்வுக்குப் போய்விட்டது.

"ஏம்மா, வர்றவங்க உன் பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா நான் என்ன சொல்றது? சேறு சலிக்கிறான்னா?" என்று அம்மா கேட்பார்.

"சேத்துல யார் இருக்காங்கன்னு பாக்குறான்னு சொல்லும்மா."

"யாராவது இருக்காங்களா?"

"அஞ்சு வகை இருக்காங்கம்மா. வழுவழுன்னு ஒண்ணு, வரிவரியா ஒண்ணு, பச்சையா பளபளன்னு ஒண்ணு, ஊசி மாதிரி ஒண்ணு. அஞ்சாவது யாருன்னு எனக்கே இன்னும் பிடிபடலை."

மாலைக்குள் எண்ணி முடித்து, ஒவ்வோர் உயிரையும் மறுநாள் காலையில் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள். மெல்லிய சேற்றுக்காரனை மெல்லிய சேற்றில், பருமணல்காரனைப் பருமணலில். இடம் மாற்றி விட்டதில்லை.

இப்படி இருக்கையில், பெரியோர்களே, துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரவேண்டும், அதற்காகக் கடலடியைத் தூர்வாரி ஆழமான வழித்தடம் ஒன்று வெட்டவேண்டும் என்று முடிவாயிற்று. கோடு போட்டார்கள். கோடு நேராகப் போயிற்று. எங்கே போயிற்று? என் தங்கையின் ஏழாம் நிலையத்தின் நடுநெஞ்சில் போயிற்று! ஐந்து வகையும் அக்கம்பக்கமாக வாழும் ஒரே சேற்றுத்திட்டு அதுதான். நம் மீனவத் தோழர்களின் வலைக்கு வரும் மீனெல்லாம் குஞ்சாக இருந்து வளரும் திட்டும் அதுதான்.

வெட்டுவதற்கு முன்பு ஒரு படிவம் நிரப்பவேண்டும். "பாதிக்கப்படும் பகுதியில் வசிப்போர் விவரம்." நிலத்துக்காக அச்சடித்த படிவம். கடலுக்கு வேறு படிவம் இல்லாததால் அதையே கடல் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது என் தங்கையின் மேசைக்கு வந்தது. அவள் என்ன செய்தாள்? கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள்!

வசிப்போர்: தந்தச் சிப்பிகள், ஐந்து வகை, உயிருள்ளவை 4,312. குடும்பத் தலைவர்: தலை இல்லை. வாசல்கள்: இரண்டு, மேலொன்று கீழொன்று. தொழில்: மண்ணுக்குள் இரை தேடுதல். வேறிடம் செல்லச் சம்மதமா: கேட்டறிய இயலவில்லை.

படிவம் எங்கள் கண்காணிப்பாளரிடம் வந்தது. அவருக்கு அலுவலகத்தில் "முத்திரை" என்று பெயர். சொந்த மகளின் பள்ளி மதிப்பெண் அட்டையையே முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பியவர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கு நோட்டீஸ் போகணும். இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"சார், அது சிப்பி சார்."

"படிவத்துல வசிப்போர்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு சார்."

"வசிக்கிறவங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன சிப்பி, கிப்பின்னுட்டு? கோப்பை மூடணும்னா ஒப்புகை வேணும். கையெழுத்துப் போடத் தெரியலன்னா கைரேகை வாங்கு."

"கை இல்லை சார். கால்தான் இருக்கு. அதுவும் ஒண்ணு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "ஒரு கால் போதும்" என்றார்.

அச்சடித்தோம் ஐயா! நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்! மழையில் நனையாதிருக்க உறையிட்டோம். அடிக்கடலில் நனையாதிருக்க என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. சீருடை அணிந்து, காலணி துடைத்து, நோட்டீஸ் கட்டைச் சுமந்துகொண்டு படகேறினேன். என்னோடு ஒரு முக்குளிப்பவர். தண்ணீருக்கு மேலே இருக்கும்போது ஒரு சொல்லும் பேசாத மனிதர். அதோ அந்தத் தூணோரம் அமர்ந்திருக்கிறார். இப்போதும் பேசமாட்டார்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆகவே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து, நோட்டீசை உரக்க வாசித்தேன். "இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்..." படகோட்டி துடுப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். யாருக்கோ இறுதிச் சடங்கு என்று நினைத்துவிட்டார்! வாசித்து முடித்ததும் முக்குளிப்பவர் ஒரு பலகையில் நோட்டீசைக் கட்டிக்கொண்டு கீழே போய், சேற்றில் நட்டுவிட்டு வந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, "பெறுநரின் வாசல் திறந்திருந்தும் வெளியே வரவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரை படித்தார். "கதவு திறந்திருந்தா ஆள் உள்ளே இருக்காங்கன்னு அர்த்தம். ஒரு பத்துப் பேரையாவது நேர்ல பாத்துட்டு வா" என்றார்.

மறுநாளும் போனேன். முக்குளிப்பவர் ஒரு கைப்பிடி மேல்மண்ணை அள்ளி வந்து படகில் கொட்டினார். பத்துச் சிப்பிகள். முதல் சிப்பியை எடுத்தேன். நோட்டீசை அதன் வாசலருகே நீட்டினேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது யார்? சிப்பியா? இல்லை! குட்டி நண்டு! சிப்பி செத்து, ஓடு காலியாகி, அந்தக் காலி ஓட்டில் குடியேறிய நண்டு! அடுத்ததில் ஒரு புழு! அதற்கடுத்ததில் இன்னொரு நண்டு! பத்தில் ஏழு அப்படி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? இல்லை. கடமை, கட்டுப்பாடு, கார்பன் தாள்! ஒப்புகைச் சீட்டில் என் கையாலேயே எழுதினேன்: "இம்முகவரியில் தற்சமயம் நண்டு வசிக்கிறார். உரியவர் காலமாகிவிட்டதாகத் தெரிகிறது."

அந்த ஒரு வரி, தாய்மார்களே, அந்த ஒரே ஒரு வரி, என் வீட்டு அடுப்பை ஒன்பது நாள் பேச்சில்லாத அடுப்பாக ஆக்கிவிட்டது.

வழித்தடத்துக்குக் கோடு போட்ட பொறியாளர் கெட்டிக்காரர். கெட்டவர் அல்லர், கெட்டிக்காரர். என் சீட்டைப் படித்தார். "பத்துல ஏழு காலிக் கூடு. அப்போ நாலாயிரத்துல எத்தனை? செத்தவங்க பேரையெல்லாம் சேர்த்துப் பட்டியல் கொடுத்திருக்காங்க" என்று மேலிடத்துக்கு எழுதினார். பொது விசாரணை என்று நாள் குறித்தார்கள். பட்டியல் பொய்யென்று ஆனால் நூலும் இல்லை; ஆய்வும் இல்லை; அவளுக்கு வேலையும் இல்லை.

தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, மேலாக அள்ளினா காலி ஓடுதான் வரும். உசுரோட இருக்கிறது உள்ளே புதைஞ்சிருக்கும். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவே இல்லை. அம்மாதான் இருவருக்கும் நடுவே தூது. "உங்க அண்ணன் உப்புக் கேக்குறான்." "கடல்ல நிறைய இருக்குன்னு சொல்லும்மா."

விசாரணை நாள் வந்தது. நகர மண்டபம். இருநூறு பேர். மேசையில் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் பொறியாளர், கையில் சிவப்பு ஒளி வீசும் குச்சி. இன்னொரு பக்கம் என் தங்கை, கையில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் கடல்நீர், நீருக்கடியில் மணல், மணல்மேல் படுத்த வாக்கில் ஆறு தந்தச் சிப்பிகள். அன்று காலை ஆழத் தோண்டி எடுத்தவை.

பொறியாளர் எழுந்தார். "ஐயா, இவங்க சொந்த அண்ணனே எழுதிக் கொடுத்திருக்காரு, உரியவர் காலமாகிவிட்டார்னு." மண்டபமே என் பக்கம் திரும்பிற்று. நான் என் காலணியைப் பார்த்தேன். நன்றாகத் துடைத்திருந்தேன்.

அதிகாரி கேட்டார்: "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை ஐயா. உசுரோட இருந்தா அதுவே எந்திரிச்சு மண்ணுக்குள்ள போகும். பாத்துக்கலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது."

பார்த்தோம். பத்து நிமிடம். ஒன்றும் இல்லை. இருபது நிமிடம். ஒன்றும் இல்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். அது வரிசை வரிசையாகப் பரவிக் கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. இருபத்தைந்தாவது நிமிடம் பொறியாளர், "மேடம், போதும்னு நினைக்கிறேன்" என்றார், தணிந்த குரலில்தான்.

அப்போது எழுந்தார் என் அம்மா! மாவுச் சல்லடையைப் பறிகொடுத்த அம்மா! மகளின் வேலையை ஊருக்குச் சொல்லக் கூசிய அம்மா! "ஏன் தம்பி, எம்பொண்ணு ஆறு வருஷம் குனிஞ்சு பாத்திருக்கா. உங்களால அரை மணி நேரம் உக்கார முடியாதா? உக்காருங்க!"

பொறியாளர் உட்கார்ந்தார். அதிகாரியும் தன்னையறியாமல் நாற்காலியில் இன்னும் ஆழமாக உட்கார்ந்தார்.

முப்பத்தொன்றாவது நிமிடம். மூன்றாவது சிப்பி. அகன்ற வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. கால்! கூர்மையாக நீண்டது, மணலுக்குள் நுழைந்தது, நுழைந்த இடத்தில் பூ மலர்வதுபோல் விரிந்து பிடித்துக்கொண்டது, பிடித்து இழுத்தது. படுத்திருந்த ஓடு மெல்ல, மெல்ல, சாய்ந்த வாக்கில் எழுந்தது!

"எந்திரிச்சிட்டான்டா!" என்று கத்தினார் ஒரு படகோட்டி. அதிகாரி உதட்டில் விரல் வைத்தார், பயந்து உள்ளே போய்விடுமோ என்று. இருநூறு பேரும் சத்தமில்லாமல் கைதட்டினோம். ஐயா, இருநூறு பேர் உள்ளங்கை படாமல் கைதட்டுவதை நீங்கள் பார்த்ததுண்டா? ஒருவர் இருமலை விழுங்கிக் கண்ணீர் வடித்தார். அவர் இருமலுக்கு அழுதாரா, சிப்பிக்கு அழுதாரா, இன்றுவரை தெரியாது. பக்கத்தில் குறிப்பெழுத வந்திருந்த எங்கள் முத்திரை, விறுவிறுவென்று எழுதினார்: "பெறுநர் நேரில் ஆஜரானார். பின்னர் அனுமதியின்றி மண்ணுக்குள் சென்றுவிட்டார்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! நான்கு சிப்பிகள் புதைந்தன. மேலே மீசை முனைபோல நான்கு நுனிகள் மட்டும். மீதி இரண்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. மண்டபம் மகிழ்ச்சியில் அவற்றை மறந்துவிட்டது. பொறியாளர் மறக்கவில்லை. "அந்த ரெண்டு?" என்றார்.

என் தங்கை தொட்டிக்குள் கைவிட்டாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவள் சொல்லியிருக்கலாம். வெட்கப்படுகிறது என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் அவள் பக்கம். எதைச் சொன்னாலும் நம்பியிருக்கும். அவள் என்ன சொன்னாள்?

"இந்த ரெண்டும் உசுரோட இல்லைங்க. நாலுன்னு எழுதிக்குங்க."

பொறியாளர் கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்: "மேடம், இவங்க எங்கெல்லாம் இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க இல்லவே இல்லைன்னு எழுதியிருக்கீங்களா?"

"இதைத்தாங்க ஆறு வருஷமா யாராவது கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்று பரவல் வரைபடத்தை மேசையில் விரித்தாள். வடக்கே ஒரு பட்டை. நீரோட்டம் சேற்றை அரித்து வெறும் கட்டாந்தரையாக விட்டுவிட்ட பட்டை. அங்கே முப்பத்தெட்டு முறை கவ்வி போட்டிருக்கிறாள். முப்பத்தெட்டு முறையும் வெறுங்கை. ஒவ்வொரு வெறுங்கையையும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்திருக்கிறாள்! பொறியாளர் அளவுகோலை எடுத்தார். நேர்க்கோடு வளைந்தது. ஏழாம் நிலையம் பிழைத்தது. வழித்தடம் இன்று அந்தக் கட்டாந்தரை வழியாகப் போகிறது. முதல் கப்பல் நாளை வருகிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விழித்துவிட்டார், நல்லது. முடித்துவிடுகிறேன் ஐயா.

விசாரணை முடிந்து, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் தங்கையும் படகுத்துறைக்கு நடந்தோம். நாலு பேரையும் அவர்கள் சேற்றில் விடவேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் அவள் கை, மறு பக்கம் என் கை. ஒன்பது நாளுக்குப் பிறகு அவளாகவே வாய் திறந்தாள்.

"அண்ணே, காலையில தொட்டியில போட்டதுலேர்ந்து ஒண்ணுகூட அசையலை. எல்லாம் செத்துப்போச்சுன்னுதான் நினைச்சேன்."

நான் நின்றுவிட்டேன். தண்ணீர் தளும்பி என் காலணியை நனைத்தது. "அப்போ எதுக்கு அத்தனை பேர் முன்னாடி கொண்டுவந்து வெச்ச? ஒண்ணுமே எந்திரிக்கலைன்னா என்ன பண்ணியிருப்ப?"

"சைபர்னு எழுதிக்குங்கன்னு சொல்லியிருப்பேன்."

அன்புடையீர்! அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் கொண்டுபோய் நீட்டிய நோட்டீசுகள் அத்தனையும் வெறும் தாள். குரலில்லாத ஓர் உயிருக்காகப் பேச ஆயிரம் பேர் வருவார்கள், அழகாகப் பேசுவார்கள், என்னைப்போல் அரை மணி நேரம் பேசுவார்கள். ஆனால் அந்த உயிருக்கு வேண்டியது என்ன? அடுக்குமொழியா? ஆர்ப்பாட்டமா? இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் இல்லையென்றும், தன் வேலையே போனாலும் சரியாக எழுதும் ஒரு கை! அந்தக் கை எழுதிய நூல் இது. இதன் பக்கங்களில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வாளி சேறு இருக்கிறது. எண்களை நம்பலாம், கூட்டிப் பார்த்தாலும் சரியாக வரும். நான் பார்த்துவிட்டேன், சந்தேகத்தால் அல்ல, பிராயச்சித்தமாக.

நூலை எழுதியவள் இன்று அவைக்கு வரவில்லை. ஐந்தாவது வகை யாரென்று நேற்று ஏதோ பிடிபட்டிருக்கிறதாம். காலையிலேயே கடலுக்குப் போய்விட்டாள்.

பொறுமையாய்ச் செவிமடுத்த தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், இருமலை அடக்கிக் காத்த இனியவர்களுக்கும், கடல் அளவு நன்றி கூறி, கடலடி வரை கேட்கும்படி வணங்கி விடைபெறுகிறேன். எழுதியவளுக்காக ஒருமுறை கை தட்டுங்கள். சத்தமாகவே தட்டலாம்!